கர்னல் மெடோஸ் டெய்லர்
(படைவீரராய், காவல் அதிகாரியாய், நூலாசிரியராய் வாழ்ந்த ஒருவரின் வரலாறு)



ஆண்டறிக்கை மலரின் முற்பகுதியில் வரவு செலவுக் கணக்கைப் பார்த்திருப்பீர்கள். பிறர் பொருளைக் கையாளும் பொறுப்பு எத்துணைப் பாரமானது என்பதைக் கணக்கு எழுதியவர்களும் அறிவார்கள், அதைச் சரிபார்த்தவர்களும் அறிவார்கள். அமானிதத்தைப் பேணுதல் என்பது நமக்குப் புதிய பாடமன்று. ஆயினும் நம் சமயத்தைச் சாராத, நம் நாட்டில் பிறவாத ஒருவர் அப்பாடத்தைத் தம் வாழ்வில் எவ்வாறு கற்றார், எங்கெங்கே இடறினார் என்பதை அறிந்துகொள்வதும் பயன் தரும். அவ்வகையில் இவ்வாண்டு மலருக்காக நாம் தேர்ந்துகொண்டவர், தக்காணத்து ஹைதராபாத் சமஸ்தானத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய கர்னல் பிலிப் மெடோஸ் டெய்லர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

டெய்லர் 1808ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் வணிகம் நொடித்தமையால் பள்ளிப்படிப்பு நீளவில்லை. பம்பாயில் கடை நடத்தி வந்த ஆங்கிலேய வணிகர் ஒருவரிடம் எழுத்தராகச் சேர்ந்தால், வயது வந்ததும் வணிகத்தில் பங்காளியாகலாம் என்னும் வாக்குறுதியை நம்பி, 1824ஆம் ஆண்டு, பதினைந்து வயதில் கப்பலேறினார். பம்பாயில் இறங்கிய பின்னரே அவ்வணிகரின் நிலைமையும் சரியில்லை என்பது தெரியவந்தது. அறிமுகமற்ற நாட்டில் கைப்பொருளின்றி நின்ற அச்சிறுவனுக்கு, பம்பாய் அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த உறவினர் ஒருவர் கைகொடுத்தார். அவருடைய முயற்சியால் அவ்வாண்டின் இறுதியிலேயே ஹைதராபாத் நிஜாமின் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

கும்பெனியின் படை வேறு, நிஜாமின் படை வேறு என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். டெய்லர் உண்டது நிஜாமின் சம்பளம். கும்பெனியின் நிரந்தர அதிகாரிகளுக்கு உரிய பதவி உயர்வும் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. கல்லூரிப் படிப்பும் இல்லை. ஆகவே தம் முயற்சியைத் தவிர வேறு துணையில்லை என்பதை இளமையிலேயே உணர்ந்தார். ஔரங்காபாத் முகாமில் தங்கியிருந்த காலத்தில் ஹிந்துஸ்தானியும் மராத்தியும் பாரசீகமும் கற்றார். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொள்ளாமல் மக்களிடம் நேரே பேசும் ஆற்றலே அவரைப் பின்னாளில் உயர்த்தியது.

காவல் பணி

மொழியறிவைக் கண்ட மேலதிகாரிகள், இருபது வயது நிறையும் முன்னரே அவரைப் படையிலிருந்து எடுத்து, நிஜாமின் ஆட்சிப்பகுதியில் ஒரு பெரிய வட்டாரத்தின் காவல் பொறுப்பில் உதவிக் கண்காணிப்பாளராக அமர்த்தினார்கள். குதிரைமேல் ஊர் ஊராகச் சென்று வழக்குகளை விசாரிப்பதும், கொள்ளையரைப் பிடிப்பதும், சந்தைகளையும் யாத்திரைத் தலங்களையும் கண்காணிப்பதும் அவருடைய பணியாயிற்று.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் தம் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். துல்ஜாபூர் யாத்திரைத் தலத்திற்கு வந்த ஏழை மக்கள், கடைக்காரர்கள் மாவில் மணலைக் கலந்து விற்கிறார்கள் என்றும், எடைக்கற்கள் பொய்யானவை என்றும் முறையிட்டார்கள். டெய்லர் கடைகளைச் சோதித்தார். முறையீடு உண்மை என்று தெரிந்தது. அபராதம் விதித்தால் அதையும் மாவின் விலையிலேயே ஏற்றிவிடுவார்கள் என்று எண்ணினாரோ என்னவோ, அவர்கள் விற்ற மாவை அவர்களையே தின்னச் செய்தார். தொண்டை அடைத்துக் கதறிய வணிகர்கள் இனி அவ்வாறு செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்த பின்னரே விட்டார். கூடியிருந்த மக்கள் மகிழ்ந்து அவரை மஹாதேவ் பாபா என்று வாழ்த்தி முழங்கினார்கள். அப்பெயர் அவரோடு பல்லாண்டுகள் நிலைத்துவிட்டது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைப் பற்றி நம் மார்க்கம் எத்துணைக் கடுமையாக எச்சரிக்கிறது என்பதை அறிந்த நாம், பத்தொன்பது வயதளவில் இருந்த ஓர் இளைஞரின் இச்செயலில் உள்ள நியாயத்தைக் கண்டுகொள்வோம். தண்டனையின் முறை சரியா என்பது வேறு கேள்வி. ஏழையின் முறையீட்டை அன்றே கேட்டு அன்றே தீர்த்தார் என்பதே மக்கள் மனத்தில் நின்றது.

இக்காலத்தில்தான் சாலையோரங்களில் பயணிகளின் பிணங்கள் கண்டெடுக்கப்படுவதை அவர் கவனித்தார். கொன்றவர் யார் என்று ஊரார் எவருக்கும் தெரியவில்லை. துருவி ஆராய அவர் முற்பட்டிருந்த வேளையில், 1829ஆம் ஆண்டு, மீண்டும் படைக்கே திரும்புமாறு ஆணை வந்தது. பணிந்து சென்றார். சில ஆண்டுகளில், வடக்கே வில்லியம் ஸ்லீமன் என்னும் அதிகாரி, பயணிகளோடு நட்பாகக் கூடிச் சென்று கைக்குட்டையால் கழுத்தை இறுக்கிக் கொன்று புதைக்கும் தக்கர் கூட்டங்களை வெளிப்படுத்திப் புகழ் பெற்றார். இன்னும் சில மாதங்கள் தம் பணியில் விட்டுவைத்திருந்தால் அவ்வுண்மையைத் தாமே வெளிக்கொணர்ந்திருக்கலாம் என்னும் ஏக்கம் டெய்லருக்கு இறுதிவரை இருந்தது. பின்னர் நிஜாமின் எல்லைக்குள்ளும் தக்கர்கள் பிடிபட்டபோது, அப்ரூவராக மாறியவர்களின் வாக்குமூலங்களை நாள்தோறும் அமர்ந்து எழுதும் பணியில் அவரும் ஈடுபட்டார். அங்கே கேட்ட செய்திகளே அவரை நூலாசிரியராக்கின.

இல்லறம்

1832ஆம் ஆண்டு டெய்லர், ஹைதராபாதின் புகழ்பெற்ற வட்டிக்கடை அதிபராக இருந்து நொடித்துப்போன வில்லியம் பாமரின் மகள் மேரியை மணந்தார். இந்த வில்லியம் பாமரின் தந்தை ஓர் ஆங்கிலேயத் தளபதி. தாயாரோ லக்னோவில் வாழ்ந்த பைஸ் பக்ஷ் பேகம் என்னும் முஸ்லிம் பெருமாட்டி. அவ்வம்மையார் தம் கணவரோடும் குழந்தைகளோடும் அமர்ந்திருக்கும் பழைய ஓவியம் இன்றும் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆகவே டெய்லரின் மனைவி ஒரு பேகத்தின் பேத்தியாவார். நம் மக்களின் வீட்டு வழக்கங்களும் பேச்சும் மரியாதை முறைகளும் அவருக்குத் தூரத்துச் செய்திகளாக இருக்கவில்லை. தம் மாமனார் வீட்டிலேயே கண்டறிந்தவையாக இருந்தன. மனைவி இளமையிலேயே இறந்துபோனார். ஆண் குழந்தைகளும் சிறுவயதிலேயே மறைந்தன. பெண்மக்கள் இருவர் எஞ்சினர். டெய்லர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

எழுதுகோல் ஏந்தியபோது

கடுங்காய்ச்சலால் உடல் நலிந்து விடுப்பில் இங்கிலாந்து சென்ற டெய்லர், 1839ஆம் ஆண்டு கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ தக் என்னும் நாவலை வெளியிட்டார். ஒரு தக்கனின் வாக்குமூலம் என்பது அதன் பொருள். அச்சுக்கூடத்திலிருந்து படிகள் வரவர, விக்டோரியா மகாராணியார் அவற்றை வரவழைத்துப் படித்தார் என்பது அக்காலத்துச் செய்தி.

இந்நாவலின் நாயகன் அமீர் அலி. சிறையில் அமர்ந்து, தான் 719 கொலைகளில் பங்கு கொண்டதாக ஆங்கிலேய அதிகாரியிடம் கணக்குச் சொல்கிறான். அவனுடைய பெற்றோர் பயணத்தின்போது தக்கர்களால் கொல்லப்பட்டவர்கள். அனாதையான குழந்தையை அக்கொலையாளிகளில் ஒருவனான இஸ்மாயீலே எடுத்து மகனாக வளர்க்கிறான். வளர்ந்த அமீர் அலி, யாரென்று அறியாமலே தன் உடன்பிறந்த சகோதரியையும் கொன்றுவிடுகிறான். உண்மை தெரிய வரும்போது மீள வழியில்லை.

இந்நூலைக் குறித்து நாம் இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, தக்கர் கூட்டங்களில் ஹிந்துக்களும் இருந்தனர், முஸ்லிம் பெயர் தாங்கியவர்களும் இருந்தனர். தம் தொழிலுக்குச் சகுனங்களையும் தெய்வ வழிபாட்டையும் துணையாகக் கொண்ட அவர்களுக்கு எந்தச் சமயத்தின் அறநூலும் இடமளிக்கவில்லை. அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது எத்தகைய பெரும்பாவம் என்பதை அறியாத முஸ்லிம் சிறுவர்கூட இல்லை. ஒரு கொள்ளையனின் பெயரைக் கொண்டு ஒரு சமுதாயத்தையே எடைபோடும் வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. டெய்லர் அமீர் அலியைப் படைத்த அதே நூலில், அன்பும் வீரமும் மானமும் உள்ள முஸ்லிம்களையும் படைத்திருக்கிறார் என்பதை நேர்மையுடன் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது செய்தி, தக்கர் ஒழிப்பு நடந்த முறையைப் பற்றியது. 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட ஒரு குற்றத்தைச் செய்தான் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று மெய்ப்பித்தாலே ஆயுள் தண்டனை விதிக்கலாம். தன் உயிரைக் காத்துக்கொள்ள விரும்பும் அப்ரூவரின் சொல்லே பெரும்பாலும் சாட்சியம். உண்மைக் கொலையாளிகள் பலர் இதனால் பிடிபட்டார்கள். அதே வலையில் நிரபராதிகளும் சிக்கியிருக்கக்கூடும் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். செயலை விட்டுப் பிறப்பையும் கூட்டத்தையும் பார்க்கும் இந்தப் போக்கே வளர்ந்து 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டமாயிற்று. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்திற்கும் வந்து, தென்மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களைக் கைரேகைப் பதிவேட்டில் கட்டிப்போட்டது. நாடு விடுதலை பெற்ற பின், 1952ஆம் ஆண்டிலேதான் இந்தியா முழுவதும் அச்சட்டம் நீங்கியது. டெய்லர் இச்சட்டங்களை இயற்றியவர் அல்லர். ஆயினும் தக்கர்களைப் பற்றி மேல்நாட்டார் மனத்தில் பதிந்த அச்சத்தில் அவருடைய நாவலுக்கும் பங்குண்டு. எழுதுகோல் பிடிப்போர் இதை மறக்கலாகாது.

1840ஆம் ஆண்டு திப்பு சுல்தானைப் பற்றியும் ஒரு நாவல் எழுதினார். அது ஆங்கிலேயர் கண்கொண்டு எழுதப்பட்ட நூலே ஆகும். அதன் பின் இந்தியா திரும்பிய அவர், 1853 வரை லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு இங்கிருந்து செய்திக் கட்டுரைகளும் எழுதி வந்தார்.

சுராபூர் சிறுவன்

டெய்லரின் வாழ்வில் உண்மையான சோதனை இனிமேல்தான் தொடங்குகிறது. இன்று கர்நாடக மாநிலத்தில் உள்ள சுராபூர், அன்று நிஜாமுக்குக் கப்பம் கட்டிய ஒரு சிறு நாயக்க அரசு. போர்க்குணம் மிக்க பேடர் குலத்தார் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தனர். அரசர் இறந்தபின் அவருடைய மனைவி ஈஸ்வரம்மாவுக்கும் உறவினருக்கும் இடையே அதிகாரப் போட்டி மூண்டது. அரச வாரிசான வெங்கடப்ப நாயக்கன் ஏழெட்டு வயதுச் சிறுவன். 1841ஆம் ஆண்டு டெய்லர் அங்கே அனுப்பப்பட்டார். சண்டையிடாமல், பேசியே குலத்தலைவர்களை அமைதிப்படுத்தினார். பின்னர் அச்சிறுவனின் காப்பாளராகவும் அரசின் நிர்வாகியாகவும் 1853 வரை இருந்தார்.

கடன் சுமையில் மூழ்கிய அரசின் வரவு செலவை ஒழுங்குபடுத்தினார். சாலைகள் போட்டார். ஏரிகளைச் செம்மைப்படுத்தினார். குன்றின்மேல் அவர் கட்டிய மாளிகை டெய்லர் மன்ஜில் என்னும் பெயரால் அறியப்படுகிறது. வட்டாரத்தில் சிதறிக் கிடந்த பண்டைக் காலத்துக் கல்லறைகளைத் தோண்டி ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். இந்தியாவில் முறையாக அகழாய்வு செய்த முன்னோடிகளுள் ஒருவராக அவரை இன்றும் அறிஞர்கள் மதிக்கிறார்கள். 1853ஆம் ஆண்டு, வயதுக்கு வந்த வெங்கடப்பனிடம் அரசை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். தந்தையற்ற பிள்ளையின் சொத்தைப் பராமரித்து, உரிய வயதில் அவன் கையிலேயே ஒப்படைக்கும் கடமை எத்தகையது என்பதை எத்தீம்களின் பொறுப்பேற்றவர்கள் அறிவார்கள்.

சொத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் பிள்ளையைக் காப்பாற்ற முடிந்ததா?

அரசு கைக்கு வந்த சில ஆண்டுகளில் இளம் அரசனைத் தீய நண்பர்கள் சூழ்ந்தார்கள். கடன் ஏறியது என்று டெய்லர் எழுதுகிறார். 1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சி வடக்கே மூண்டபோது தெற்கிலும் அதன் அழைப்பு பரவியது. 1858 பிப்ரவரியில் வெங்கடப்பன் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தான். சுராபூர் மக்கள் இன்றும் அவனை விடுதலை வீரனாகப் போற்றுகிறார்கள். அவர்களுடைய பார்வையில் அது கடன்பட்ட இளைஞனின் தடுமாற்றம் அன்று, அந்நியனை எதிர்த்த மானத்தின் போர். இரு பார்வைகளையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

அப்போது டெய்லர் எங்கே இருந்தார்? நல்துர்க் பகுதியின் ஆட்சியராக இருந்த அவரை, 1857இல் பேராருக்குச் செல்லுமாறு ஹைதராபாதின் ரெசிடெண்ட் கர்னல் டேவிட்சன் பணித்தார். துணைக்குப் படை தர இயலாது என்றும் தெரிவித்துவிட்டார். படையின்றியே டெய்லர் சென்றார். மக்களோடு பேசியும், தமக்கிருந்த நற்பெயரைக் கொண்டும் அமைதி காத்தார். அவர் பக்கம் துப்பாக்கிகள் இல்லை. முப்பது ஆண்டுக்கால நம்பிக்கை இருந்தது.

எழுச்சி முறியடிக்கப்பட்டது. வெங்கடப்பன் தப்பி ஹைதராபாத் வந்தான். அங்கே பிடிக்கப்பட்டு, திவான் ஸாலார் ஜங் வழியாக ரெசிடெண்டிடம் ஒப்படைக்கப்பட்டான். சிறையில் அவனைக் காண டெய்லர் சென்றார். சிறுவயது முதல் அப்பா என்று அழைத்துப் பழகிய அந்த இளைஞன் அவரைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதான். பின்னாலிருந்து தூண்டியவர்களின் பெயரைச் சொன்னால் உயிர் தப்பலாம் என்ற நிலையிலும், எவரையும் காட்டிக்கொடுக்க அவன் இசையவில்லை. திருடனைப் போலத் தூக்கிலிடாமல் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டுவிடுமாறு மட்டும் வேண்டிக்கொண்டான்.

டெய்லரின் நிலையை எண்ணிப்பாருங்கள். ஒரு பக்கம் அவர் உண்ட சம்பளமும் அவர் சார்ந்த அரசும். மறுபக்கம் பன்னிரண்டு ஆண்டுகள் தம் மடியில் வளர்ந்த பிள்ளை. அரசை மீறவும் அவரால் இயலவில்லை, பிள்ளையைக் கைவிடவும் மனமில்லை. விதிக்கப்பட்ட மரண தண்டனையை டேவிட்சன் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். கவர்னர் ஜெனரல் அதை மேலும் தளர்த்தி, சென்னைக்கு அருகிலுள்ள செங்கல்பட்டுக் கோட்டையில் நான்கு ஆண்டுச் சிறை என்றும், நன்னடத்தை காட்டினால் அரசைத் திரும்பப் பெறலாம் என்றும் ஆணையிட்டார். டெய்லருக்குப் பெரும் ஆறுதல். ஆனால் செங்கல்பட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்ட வழியில், காவலுக்கு வந்த அதிகாரி கழற்றி வைத்திருந்த கைத்துப்பாக்கியின் குண்டு பாய்ந்து வெங்கடப்பன் இறந்துபோனான். அவனுக்கு வயது இருபத்து நான்கு. தானே சுட்டுக்கொண்டான் என்பது டெய்லருக்குக் கிடைத்த செய்தி. அந்த அரசும் 1860ஆம் ஆண்டு நிஜாமின் ஆட்சியோடு இணைக்கப்பட்டது. தாம் ஒழுங்குபடுத்திய ஏரிகளும் சாலைகளும் இருந்தன. யாருக்காகச் செய்தாரோ அவன் இல்லை.

இறுதிக் காலம்

உடல் தளர்ந்த டெய்லர் 1860ஆம் ஆண்டு இந்தியாவை விட்டுச் சென்று, அயர்லாந்தில் டப்ளின் நகரருகே தம் மகள்களோடு வாழ்ந்தார். அங்கிருந்தே நூல்களை எழுதினார். 1657, 1757, 1857 என நூற்றாண்டு இடைவெளியில் அமைந்த மூன்று காலங்களைக் களமாக வைத்து, தாரா (1863), ரால்ஃப் டார்னல் (1865), சீதா (1872) ஆகிய நாவல்களை வெளியிட்டார். பீஜப்பூரின் கட்டடக் கலையைப் பற்றிய நூலிலும் அவருடைய பங்களிப்பு உண்டு. 1870ஆம் ஆண்டு மாணவர்களுக்கான இந்திய வரலாற்று நூல் ஒன்றும் எழுதினார். அவர் இறந்த பின் 1878இல் வெளிவந்த நாவல், அஹ்மத்நகரைக் காத்து நின்ற வீரப்பெண்மணி சாந்த் பீபியைப் பற்றியது. ஒரு முஸ்லிம் அரசியின் அறிவையும் துணிவையும் மேல்நாட்டு வாசகர் அறியச் செய்த நூல் என்பதால் நமக்கு அது சிறப்புடையது.

1875ஆம் ஆண்டு ஸாலார் ஜங்கின் அழைப்பை ஏற்று மீண்டும் ஹைதராபாத் வந்தார். அங்கே காய்ச்சல் கண்டு, பார்வையும் மங்கியது. திரும்பும் வழியில் பிரான்சு நாட்டின் மாந்தோன் ஊரில் 1876 மே 13ஆம் நாள் காலமானார். அவர் எழுதிவைத்த தம் வரலாற்றை மகள் ஆலிஸ் 1877ஆம் ஆண்டு பதிப்பித்தார்.

நாம் பெறும் படிப்பினை

அந்நிய ஆட்சியின் ஊழியர் ஒருவரைப் புகழ்வது நம் நோக்கமன்று. அவருடைய அரசு செய்த அநீதிகளை அவருடைய நற்குணம் துடைத்துவிடாது. ஆயினும் ஒரு மனிதரின் கணக்கைப் பார்க்கும்போது வரவையும் எழுத வேண்டும், செலவையும் எழுத வேண்டும். எளியவரின் முறையீட்டை அவர்களுடைய மொழியிலேயே கேட்டார். படையில்லாத போதும் நம்பிக்கையால் ஊரைக் காத்தார். தந்தையற்ற பிள்ளையின் சொத்தைக் குறைவின்றி ஒப்படைத்தார். இவை வரவு.

பிள்ளைக்குச் சொத்தைக் கொடுப்பதோடு பொறுப்பு முடிவதில்லை என்பதைச் சுராபூரின் முடிவு காட்டுகிறது. நம் மஹல்லாவிலும் தந்தையை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பங்கைப் பிரித்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அகன்றுவிடுகிறோம். பதினெட்டு, இருபது வயதில் அவர்களைச் சுற்றி அமர்வோர் யார் என்று பார்ப்பதில்லை. கணக்கை ஒப்படைத்த பின்னும் அப்பிள்ளைகளின் வாசலுக்குச் சென்று நலம் விசாரிப்பவர்கள் நம்மிடையே பெருக வேண்டும். வல்ல இறைவன் அதற்குத் துணை நிற்பானாக!